பென்சில் குறிப்பு போட்ட பழைய புத்தகம்

‘தீர்வை = தீர்ப்பு’ என்று பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது. பொடிப்பொடியான, சாய்வான எழுத்து. அதற்காகவேதான் அந்தப் புத்தகத்தை வாங்கினேன்.

மகள் வீட்டுக்குச் சென்னை வந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதை. பைகிராஃப்ட்ஸ் ரோடு என்றால்தான் பழைய ஆட்களுக்குத் தெரியும். தார்ப்பாயை விரித்து என்ஜினீயரிங் புத்தகங்களையும் போட்டித் தேர்வு கைடுகளையும் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். ஒரு குவியலின் அடியில் அட்டை இல்லாத தமிழ்ப் புத்தகம் ஒன்று கிடந்தது. முதல் சில தாள்களும் போயிருந்தன, அதனால் பதிப்பகமோ ஆண்டோ தெரியவில்லை. திறந்த இடத்தில் ஒரு பெண் குழந்தையும் ஒரு பையனும் கதவின் மேல் ஏறி ஆடிக்கொண்டிருந்தார்கள். நாலு வரி படித்ததுமே தெரிந்துவிட்டது, இது கி. ராஜநாராயணன். கதை ‘கதவு’. கடைக்காரர் நாற்பது ரூபாய் கேட்டார், கொடுத்தேன்.

இதே கதை புதுப் பதிப்பில் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. இருந்தும் இதை விட்டுவர மனம் வரவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் தீர்வை வசூலித்த ஆள் நான். விளாத்திகுளம் பக்கத்துக் கிராமங்களில் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்தச் சொல்லுக்குத் ‘தீர்ப்பு’ என்று ஒரு பிள்ளை அர்த்தம் எழுதிவைத்துப் பரீட்சைக்குப் போயிருக்கிறதே என்று மனது கேட்கவில்லை.

கதையைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு ஏழை விவசாயக் குடும்பம். அப்பா மணிமுத்தாற்றுக்கு வேலைக்குப் போயிருக்கிறார், மாதக்கணக்கில் தகவல் இல்லை. (1950களில் மணிமுத்தாறு அணை கட்டினார்கள். கரிசல் காட்டில் மழை பொய்த்தபோது மண்வெட்டியோடு அங்கே போனவர்கள் ஏராளம்.) அம்மா கூலிக்குப் போகிறாள். வீட்டில் லட்சுமி, சீனிவாசன், ஒரு கைக்குழந்தை. அந்த வீட்டில் கொஞ்சம் கனமாக இருப்பது ஒற்றைக் கதவு ஒன்றுதான். அதன் மேல் ஏறி ஆடுவது பிள்ளைகளுக்குப் பஸ் விளையாட்டு. தீப்பெட்டிப் படம் ஒன்று கிடைக்கிறது, அதையும் கதவிலேயே ஒட்டுகிறார்கள். ஒருநாள் தலையாரி ஆட்களோடு வந்து, தீர்வை பாக்கிக்காகக் கதவைக் கழற்றிக்கொண்டு போகிறார். பிள்ளைகளுக்கு அது என்னவென்று விளங்கவில்லை, அதையும் வேடிக்கையாக நினைத்துப் பின்னாலேயே போகிறார்கள். அவர் அதட்டி விரட்டுகிறார். அது கார்த்திகை மாதம். கதவில்லாத வீட்டில் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு, இறந்துபோகிறது. பிறகு ஒருநாள் சாவடிக்குப் பின்னால் தங்கள் கதவு கிடப்பதைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். கரையான் ஏறிக் கிடக்கிறது. அதைத் தடவித் தடவிப் பிடித்துக்கொள்கிறார்கள். இவ்வளவுதான் கதை, சில பக்கங்களில் முடிந்துவிடும்.

அந்தப் பென்சில் பிள்ளைக்கு இதில் மூன்று சொல் முட்டியிருக்கிறது. தீர்வைக்குத் தீர்ப்பு. தலையாரிக்கு ஒரு கேள்விக்குறி மட்டும். சாவடிக்குச் ‘சத்திரம்?’. நகரத்தில் வளர்ந்த பிள்ளையாக இருக்க வேண்டும், அதைக் குறை சொல்ல மாட்டேன். இந்த மூன்று சொல்லும் புழங்கிய நிர்வாகமே அந்தப் பிள்ளை பிறப்பதற்கு முன் போய்விட்டது.

தீர்வை என்பது நிலத்துக்கு அரசாங்கம் விதிக்கும் வரி. நஞ்சைக்கு ஒரு விகிதம், புஞ்சைக்கு ஒரு விகிதம். ஜூலை 1-ல் தொடங்கி அடுத்த ஜூன் 30-ல் முடிகிற பசலி ஆண்டுக்கு அதைக் கணக்கிட்டுத் தவணையாக வாங்குவார்கள். கிஸ்தி என்று ஊரில் சொல்வது அதைத்தான். கணக்கெழுத ஒரு கர்ணம், வசூலுக்கு ஒரு மணியக்காரர், அவர்கள் சொன்னதைச் செய்ய ஒரு தலையாரி. கர்ணமும் மணியமும் பரம்பரை பரம்பரையாக ஒரே குடும்பத்தில் வந்த பதவிகள். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவற்றை ஒரே நாளில் ஒழித்தது. அந்த இடத்துக்குத் தேர்வெழுதி வந்தவர்கள் நாங்கள். தலையாரி கிராம உதவியாளர் ஆனார். சாவடி என்பது ஊர்ப் பொதுக்கட்டடம். பஞ்சாயத்து, வசூல், வெளியூர் அதிகாரி தங்கல் எல்லாம் அங்கேதான். பாக்கிக்காக எடுத்த சாமானும் அங்கேதான் வந்து சேரும். பாக்கி வசூலுக்கான சட்டம் 1864-ல் வெள்ளைக்காரன் போட்டது. பெயர் மாறியதே தவிர, நான் வேலையில் சேர்ந்தபோதும் கையில் இருந்தது அதே வருவாய் வசூல் சட்டம்தான்.

சட்டத்துக்குச் சொத்து இரண்டு வகை: அசையும் சொத்து, அசையாச் சொத்து. நிலையில் மாட்டிய கதவு இதில் எதில் சேரும் என்று, இந்தக் கதையைப் படித்துவிட்டு நான் பலநாள் யோசித்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு அது பஸ், திருநெல்வேலிக்கே போய்விட்டு வரும். தலையாரிக்கு அது கழற்றினால் நாலு பேர் தூக்கக்கூடிய ஒரு சாமான்.

நானும் ஒரு வீட்டில் சாமான் எடுத்திருக்கிறேன். எண்பதுகளின் நடுவில், மழை சரியாகப் பெய்யாத ஒரு வருஷம். மேலே இருந்து வசூல் நெருக்கடி. பெரிய பாக்கிக்காரர்களிடம் போக முடியாது, அவர்களுக்கு ஆள் உண்டு. ஊர்க் கடைசியில் ஒரு வீட்டுக்குப் போனோம். ஆண் இல்லாத வீடு. உள்ளே எடுக்கும்படியாக இருந்தது ஒரு பித்தளை அண்டா மட்டும். அதில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. ஊர்க் கிணறு வற்றிக் கிடந்த நேரம், இரண்டு மைல் நடந்து கொண்டுவந்த தண்ணீர். அந்தம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. செம்பால் மொண்டு மொண்டு, வீட்டில் இருந்த குடம், மண்சட்டி, உலை வைக்கிற பானை எல்லாவற்றிலும் ஊற்றினார். அதற்கு மேல் ஊற்ற ஏனம் இல்லை. மிச்சம் இருந்த ரெண்டு செம்புத் தண்ணீரை வாசல் முருங்கைக்கு ஊற்றிவிட்டு, அண்டாவைக் கவிழ்த்து, முந்தானையால் துடைத்துத் தந்தார். நான் ரசீதில் ‘பித்தளை அண்டா – 1’ என்று எழுதினேன். ஒரு சீட்டில் பட்டாதாரர் பெயரும் பசலியும் எழுதி, பசை தடவி அண்டாவின் உள்பக்கம் ஒட்டினேன். தலையாரி தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தார். அடுத்த ஆடிக்குள் எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது.

‘கதவு’ அதற்கு மூன்று நாலு வருஷம் கழித்துத்தான் என் கைக்கு வந்தது. படித்து முடித்த ராத்திரி தூங்கவில்லை. கிராமத்துக் கதை என்றால் மண்வாசனை, வெள்ளந்தி மனிதர்கள், வேப்பமர நிழல் என்று சொல்கிற பழக்கம் இருக்கிறது. அந்தப் பேச்சு எனக்குச் சம்மதமில்லை. இந்தக் கதைகளில் நிழலைவிட வெயில்தான் அதிகம். ஒரு வீட்டின் கதவு போனால் அந்த வீட்டுக்குள் என்னென்ன வரும் என்று பார்த்து எழுதியவை இவை. என் பதிவேட்டில் அதற்கெல்லாம் கட்டம் கிடையாது. பட்டா எண், விஸ்தீரணம், தீர்வை, பாக்கி, ‘குறிப்பு’ என்று கடைசியில் விரல் அகலத்துக்கு ஒரு கட்டம். அந்தக் கட்டத்துக்குள் அடங்காததைத்தான் கி.ரா. எழுதினார்.

கார்த்திகை மாதத்தை அவர் சும்மா வைக்கவில்லை. கரிசல் காட்டைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். கறுப்பு மண், மட்டமான வெளி, கண்ணுக்கெட்டிய தூரம் காற்றை மறிக்க ஒரு தோப்பு கிடையாது. கோடையில் அந்த மண் கை நுழைகிற அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். நனைந்தால் உப்பும், காலைப் பிடித்துக்கொள்ளும். வற்றாத ஆறு கிடையாது. வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கிற மானாவாரி: பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, மிளகாய். மழை விட்டதும் வாடைக்காற்று தொடங்கும். ராத்திரி அது அடிக்கிற அடியில் கதவு இருக்கிற வீட்டிலேயே பிள்ளைகள் சுருண்டு கிடக்கும். கதவு இல்லாத வீட்டை நினைத்துப் பாருங்கள். கதையில் ஆசிரியர் எங்கேயும் குரலை உயர்த்துவதில்லை, யாரையும் திட்டுவதில்லை. மாதத்தின் பெயரைச் சொன்னால் போதும் என்று விட்டுவிட்டார்.

கி.ரா. பிறந்தது கோவில்பட்டிக்கும் கயத்தாற்றுக்கும் இடையில், நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் இடைசெவல். 1923 செப்டம்பர். அதே ஊரில், அதே மாதத்தில் இன்னொரு குழந்தையும் பிறந்தது. அவர் கு. அழகிரிசாமி. இருவர் வீட்டிலும் பேச்சுமொழி தெலுங்கு. இருவரும் தமிழில் எழுதினார்கள், இருவரும் சாகித்ய அகாதெமி விருது பெற்றார்கள். ஒரு சின்னக் கிராமத்துக்கு இது எவ்வளவு பெரிய கொடுப்பினை! அழகிரிசாமி சென்னைக்கும் மலேயாவுக்கும் பத்திரிகை வேலையாகப் போனார். அங்கிருந்து அவர் கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் தனிப் புத்தகமாகவே வந்திருக்கின்றன. 1970-ல், 46 வயதில் காலமானார். அகாதெமி விருது ‘அன்பளிப்பு’ தொகுதிக்காக அவர் இறந்த பிறகு வந்தது. கி.ரா. ஊரிலேயே விவசாயியாக இருந்தவர். கம்யூனிஸ்ட் கட்சியிலும் விவசாயிகள் இயக்கத்திலும் இருந்து சிறைக்கும் போனவர். முப்பது வயது தாண்டித்தான் கதை எழுத வந்தார். ஆக, ஜப்தியை அவர் வாசலின் உள்பக்கம் நின்று பார்த்தவர். நான் பார்த்தது வெளிப்பக்கம் நின்று.

ஜப்தியை எதிர்த்து ஊர் திரண்ட காலமும் உண்டு. கோவை வட்டாரத்திலிருந்து புறப்பட்ட நாராயணசாமி நாயுடு, மின்கட்டணத்துக்கும் கடன் ஜப்திக்கும் எதிராக விவசாயிகளைத் தமிழகம் முழுக்கத் திரட்டினார். 1984 டிசம்பரில் அவர் உயிர் பிரிந்தது எங்கள் கோவில்பட்டியில்தான்.

பழைய புத்தகத்துக்கு வருகிறேன். ‘கதவு’ தவிர ‘நாற்காலி’, ‘கன்னிமை’, ‘வேட்டி’, ‘கோமதி’ எல்லாம் அதில் இருக்கின்றன. ‘நாற்காலி’ பக்கங்களில்தான் பென்சில் அதிகம் ஓடியிருக்கிறது. பிள்ளை சிரித்துக்கொண்டே படித்திருக்கும் போல, கோடுகள் எல்லாம் வளைந்து வளைந்து போகின்றன. வீட்டுக்கு வந்த பெரிய விருந்தாளி முக்காலியிலிருந்து விழுந்துவிட, ‘ஒரு நாற்காலி செய்தே ஆக வேண்டும்’ என்று குடும்பம் முடிவெடுக்கிறது. தச்சர் செய்து தருகிறார். ஊரே வந்து பார்க்கிறது. ஒருநாள் ராத்திரி கதவு தட்டப்படுகிறது. ஊரில் ஒரு சாவு, பிணத்தை உட்காரவைக்க நாற்காலி வேண்டுமாம். கொடுக்கிறார்கள். திரும்பி வந்த நாற்காலியைக் கழுவிக் கழுவி வைத்தாலும் உட்கார முதலில் யாருக்கும் துணிச்சல் வரவில்லை. ஒரு புதுச் சாமான் ஊருக்குள் வந்தால் அதை ஊர் தன் பழக்கத்துக்கு எப்படி வளைத்துக்கொள்ளும் என்பதை ஒரு நாற்காலியை வைத்தே காட்டிவிட்டார். கதவு, நாற்காலி, வேட்டி – தலைப்புகளைப் பாருங்கள், எல்லாம் வீட்டுச் சாமான். ஜப்தி மகஜர் எழுதுகிறவன் வரிசையாகக் குறிக்கிற சாமான்களேதான். கி.ரா. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை எழுதி வைத்துவிட்டார்.

அவர் மொழி பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஊரில் பேசுகிற தமிழ் எழுத்துக்கு ஆகாது என்று படித்தவர்கள் நினைத்த காலத்தில், அந்தப் பேச்சிலேயே கதை சொன்னார். அது போதாதென்று சொற்களைச் சேகரித்து 1982-ல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி ஒன்றையும் கொண்டுவந்தார். பல்கலைக்கழகங்கள் செய்ய வேண்டிய வேலையை ஒரு சம்சாரி செய்தார். பின்னாளில் புதுவைப் பல்கலைக்கழகமே அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்காக 1991-ல் சாகித்ய அகாதெமி விருது பெற்றார். புதுச்சேரியிலேயே வாழ்ந்து 2021 மே மாதம் காலமானார். இடைசெவலுக்குக் கொண்டுவந்து அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு செய்தார்கள். அவர் போட்ட தடத்தில் பூமணி, சோ. தர்மன், மேலாண்மை பொன்னுச்சாமி என்று கரிசலில் இருந்து வரிசையாக எழுத்தாளர்கள் வந்தார்கள், மூவருக்கும் அகாதெமி விருது கிடைத்தது. ‘அசுரன்’ படம் பார்த்திருப்பீர்கள், அது பூமணியின் ‘வெக்கை’யிலிருந்து வந்தது.

அந்தச் சொல்லகராதி கையில் இருந்திருந்தால் பென்சில் பிள்ளை இவ்வளவு தடுமாறியிருக்காது. ஆனாலும் அந்தக் குறிப்புகளை அழிக்க எனக்கு மனமில்லை. புதுப் புத்தகம் வாங்கினால் கதை மட்டும் வரும். பழைய புத்தகத்தில் முன்பு படித்தவரும் கூட வருகிறார். எங்கே நின்றார், எங்கே புரியாமல் முழித்தார், எங்கே வேகமாகப் புரட்டினார் என்று தெரிகிறது. ‘கதவு’ கதையில் முதல் பாதி முழுக்கக் கோடும் குறிப்பும் ‘முக்கியம்’ என்ற எழுத்துமாக நிறைந்திருக்கிறது. கைக்குழந்தைக்குக் காய்ச்சல் வருகிற இடத்திலிருந்து ஒரு கோடு கூட இல்லை. கதை முடியும்வரை பக்கம் வெள்ளையாகவே கிடக்கிறது.

பழைய புத்தகத்துக்குப் பேர்போன சென்னை மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்தது. அதற்கு முன் அங்கே பழைய புத்தகம் தேடியவர்களுக்கு இன்னும் அதைப் பற்றிப் பேசும்போது குரல் மாறுகிறது. இப்போது சென்னையில் பழைய புத்தகம் தேட எனக்குத் தெரிந்தது பாரதி சாலை மாதிரி சில நடைபாதைகள்தான். அங்கேயும் தமிழ்க் கதைப் புத்தகம் குறைந்துவிட்டது. எடைக்குப் போனால் காகிதக் கூழாகிவிடும். கண்ணில் பட்டால் எடுத்துவந்துவிடுங்கள் என்று தெரிந்தவர்களிடம் எல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன்.

ஊருக்குத் திரும்பியதும் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தலையாரியைப் பார்க்கப் போனேன். அண்டாவைத் தலையில் சுமந்தவர்தான். எண்பதைத் தாண்டிவிட்டார், கண் சரியாகத் தெரியாது. என்னைவிட மூத்தவர் என்பதால் வேலையில் இருந்தபோதே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை அய்யா என்பதை இன்றுவரை விடவில்லை. திண்ணையில் உட்கார்ந்து ‘கதவு’ முழுவதையும் வாசித்துக் காட்டினேன். ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் வெகுநேரம் சும்மா இருந்தார்.

“அந்தக் கதவ யாரும் ஏலத்துக்கு எடுத்திருக்க மாட்டாக அய்யா.”

“ஏன் அண்ணாச்சி?”

“அடுத்த வீட்டுத் தலவாசக் கதவக் கொண்டாந்து எவன் தன் வீட்டுல மாட்டுவான்? அந்த வீட்டுப் பாவமும்லா கூட வரும். அதான் கரையான் திங்க அங்கனயே கெடந்திருக்கு. சாவடிக்குப் பின்னால மழத்தண்ணி நிக்கும்.”

“பிள்ளைகள ஏன் விரட்டுனாரு அந்தத் தலையாரி?”

“வெரட்டலேன்னா தூக்கிட்டுப் போயிருக்க முடியாதுல்லா. கூடச் சிரிச்சுக்கிட்டே புள்ளைக வந்தா எந்தக் கால் நடக்கும்?”

பிறகு அவராகவே சொன்னார். “நீங்க மாத்தலாயிப் போன பெறகு அந்த அண்டா திரும்பிப் போச்சு அய்யா. அந்தம்மா மொளகா வித்துப் பணத்தக் கட்டுனா. நாந்தான் கொண்டு போய்க் குடுத்தேன். உள்பக்கம் நீங்க ஒட்டுன சீட்டு அப்படியே இருந்துச்சு. சாம்பல் போட்டுத் தேச்சா, புளியப் போட்டுத் தேச்சா. காகிதம் வந்துருச்சு, பசையிருந்த தடம் மட்டும் சதுரமா நின்னு போச்சு. அதுலதான் தண்ணி புடிச்சுக் குடிச்சாக.”

நான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். பிறகு அதை வைத்துவிட்டு அவர் பேரனிடம் ஒரு பென்சில் வாங்கினேன். ‘சாவடி = சத்திரம்?’ என்பதற்குக் கீழே, ‘எடுத்துவந்த சாமானைப் போட்டுவைக்கும் இடம். பின்பக்கம் மழைத்தண்ணீர் நிற்கும்’ என்று எழுதினேன். தலையாரியின் கேள்விக்குறிக்கு எதிரே என்ன எழுதுவது என்று அவரிடமே கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, “மொதல்ல அந்தக் கடைசிப் பக்கத்த இன்னொருக்கா வாசிங்க அய்யா” என்றார்.